ஹீலியம் கிடைக்கலாம், பங்குதாரருக்கு என்ன கிடைக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வணிகப் பக்கத்தில் ஹீலியம் தேடும் சிறிய வெளிநாட்டு நிறுவனங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் எம்ஆர்ஐ ஸ்கேன், சிப் தொழிற்சாலை, ராக்கெட் என்று ஹீலியம் எங்கெங்கே தேவைப்படுகிறது என்பதை நன்றாகவே சொல்லியிருக்கிறார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடைசிப் பத்தியில் சிறு முதலீட்டாளர்கள் கவனிக்க வேண்டிய துறை இது என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் வாரம் முழுக்க இதே பேச்சு. காலையில் நடக்கப் போகிற இடத்தில், ரிட்டயர்மென்ட் பணத்தை எங்கே போடலாம் என்று அலைகிற நாலைந்து பேர் "சார், நீங்க கேஸ் கம்பெனியில இருந்தவராச்சே, வாங்கலாமா?" என்று என்னையே பிடித்துக்கொண்டார்கள். அவர்களிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் தொழிற்சாலை வாயுக்கள் விற்கும் ஒரு டீலரிடம் கணக்குப் பார்த்தவன். ஆக்சிஜன், ஆர்கான், நைட்ரஜன் எல்லாம் லாரி லாரியாகப் போகும். ஹீலியம் மட்டும் தனி மரியாதை. கொட்டகையின் ஒரு மூலையில் சங்கிலி போட்டு நிறுத்தி வைத்திருப்பார்கள், சாவி மேனேஜரிடம் இருக்கும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் ஏசி பாகங்கள் செய்கிறவர்கள் கசிவு பார்க்க வாங்குவார்கள், ஆய்வகங்கள் வாங்கும், பலூன்காரர்கள் வாங்குவார்கள். 2022-ல் உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தபோது பலூன்காரர்களுக்குத்தான் முதலில் கையை விரித்தோம். ஆகவே ஹீலியத்துக்குத் தேவை இருக்கிறதா என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை நம்மால் செய்ய முடியாது, காற்றிலிருந்து பிரித்தாலும் கட்டுப்படியாகாது. பூமிக்கடியில் யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான வருஷமாகச் சிதைந்து உண்டான வாயு, மேலே ஒரு நல்ல மூடிப் பாறை இருந்தால் அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் கசிந்து ஆகாயத்துக்குப் போய்விடும். நம் நாட்டில் மேற்கு வங்கத்தின் பக்ரேஷ்வர் வெந்நீர் ஊற்றிலும் நம் மயிலாடுதுறைப் பக்கம் குத்தாலத்தில் ஓஎன்ஜிசி எடுக்கும் இயற்கை எரிவாயுவிலும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் சோதனை அளவுதான், இங்கே விற்கிற சிலிண்டருக்குள் இருப்பது இறக்குமதிச் சரக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், முதலீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் சென்னைக்காரனாக விட மனசில்லை. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் ஜான்சன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், நுங்கம்பாக்கத்தில் இன்றைக்கு வானிலை மையம் இருக்கும் வளாகத்தில் அன்று இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் போக்சன், மசூலிப்பட்டினத்தில் போய் உட்கார்ந்து சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அதில் ஒரு மஞ்சள் கோட்டைக் குறித்துக்கொண்டார். அது ஹீலியம் என்ற புதுத் தனிமத்தின் கோடு என்று பிறகுதான் தெரிந்தது. பூமியிலேயே ஹீலியம் இருக்கிறது என்று ராம்சே பிரித்துக் காட்டியது 1895-ல். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கட்டுரையில் திரும்பத் திரும்ப வருவது சதவீதம். இந்த நிறுவனத்தின் கிணற்றில் இத்தனை சதவீதம், அந்த நிறுவனத்தில் அத்தனை சதவீதம். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் எக்ஸான்மொபில் எடுக்கும் வாயுவில் ஹீலியம் சுமார் 0.6 சதவீதம்தான், அதை வைத்தே அவர்கள் உலகத் தேவையில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுப்பதாகச் சொல்கிறார்கள். கத்தாரில் அதைவிடக் குறைவு, 0.04 சதவீதம் அளவில். ஆனால் அங்கே இயற்கை எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்கள், மற்றதெல்லாம் திரவமான பிறகு ஹீலியம் தானாக மிஞ்சி நிற்கிறது. செலவை எரிவாயு ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டது, ஹீலியம் கொசுறு. அதனால்தான் அவ்வளவு குறைந்த சதவீதத்தில் உலகின் முதல் இரண்டு நாடுகளில் ஒன்றாகக் கத்தார் இருக்கிறது. சின்ன நிறுவனத்துக்கு அந்தக் கொசுறு கிடையாது. ஹீலியத்துக்காக மட்டுமே கிணறு, ஹீலியத்துக்காக மட்டுமே ஆலை, ஹீலியத்துக்காக மட்டுமே ரோடு. 5 சதவீதமோ 10 சதவீதமோ இருந்தால் அது உதவிதான், ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

அதிலும் அந்த எண்கள் வெளியே வரும் விதம் இருக்கிறதே! இந்த நிறுவனங்கள் பங்குச் சந்தைக்கு அனுப்பும் அறிவிப்புகளை நிதானமாகப் படித்துப் பாருங்கள். "பின்னணி அளவைவிட 8 மடங்கு ஹீலியம் தென்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். 8 மடங்கு என்றதும் நம் ஆள் நிமிர்ந்து உட்காருகிறார். பின்னணி என்பது சாதாரணக் காற்றில் இருக்கும் ஹீலியம், அதாவது பத்து லட்சத்தில் 5.2 பங்கு. 8 மடங்கு என்றால் பத்து லட்சத்தில் 42 பங்கு, சதவீதத்தில் சொன்னால் 0.004. காசு பெறாது. அதே பின்னணியைவிட 9,000 மடங்கு என்று வந்தால் அது 4.7 சதவீதம், அது வேறு கதை. இரண்டு அறிவிப்பும் ஒரே தொனியில்தான் இருக்கும், இரண்டுக்கும் அன்று காலையே பங்கு விலை ஆடும். கால்குலேட்டரை எடுத்து ஒரு பெருக்கல் போட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்? இன்னொரு சங்கதி, காற்று கலந்ததைக் கழித்த பிறகு இத்தனை சதவீதம் என்று திருத்தப்பட்ட எண்ணைக் கொடுப்பார்கள். தப்பில்லை, துளையிடும்போது காற்று கலக்கத்தான் செய்யும். ஆனால் எந்த எண் திருத்தியது, எது திருத்தாதது என்று தெரியாமல் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட்டுவிட்டுச் சண்டை போடுகிறார்கள்.

நம் ஊரில் போர் போட்ட அனுபவம் எல்லா வீட்டிலும் உண்டு. ஈர மண் மேலே வந்தவுடன் தண்ணீர் கிடைத்துவிட்டது என்று யாரும் ரிக்காரருக்கு முழுப் பணத்தையும் கொடுத்து அனுப்ப மாட்டோம். மோட்டாரை இறக்கி, எத்தனை இஞ்ச் தண்ணீர், எத்தனை மணி நேரம் விடாமல் வருகிறது, சாயங்காலம் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நம்புவோம். ஹீலியத்திலும் கேட்க வேண்டியது அதுதான். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் கன அடி வாயு வருகிறது, எத்தனை நாள் அப்படியே வந்தது, அழுத்தம் எவ்வளவு குறைந்தது. இந்த மூன்றும் இல்லாத அறிவிப்பை நான் அறிவிப்பாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எடுத்துக்காட்டுக்கு எல்லோரும் சொல்லும் ஹீலியம் ஒன் குளோபல் நிறுவனத்தையே பார்ப்போம், அதன் கதை முழுவதும் பொதுவெளியில் இருக்கிறது. தான்சானியாவில் ருக்வா பகுதியில் ஏராளமான ஹீலியம் இருக்கலாம் என்று 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு, டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னார்கள். 5,400 கோடி கன அடி, பன்னிரண்டு லட்சம் எம்ஆர்ஐ இயந்திரங்களை நிரப்பலாம் என்று அப்போது உலகம் முழுக்கச் செய்தி. பிறகு வெளி ஆலோசகர் அறிக்கையில் அது 13,800 கோடி கன அடி ஆனது. உலகம் ஒரு வருஷத்தில் பயன்படுத்துவது சுமார் 600 கோடி கன அடி. அப்படியானால் இருபது வருஷத்துக்கும் மேல் உலகத்துக்கே போதும்! இந்த இடத்தில்தான் உங்கள் கட்டுரையாளரும் அந்த எண்ணை இன்றைய விலையால் பெருக்கி, எத்தனையோ லட்சம் கோடி ரூபாய் என்று எழுதிவிட்டார். அந்த 13,800 கோடி என்பது துளையே போடாத நிலையில், பாறை அமைப்பை வைத்துப் போட்ட மதிப்பீடு, அதுவும் கிடைக்காமல் போகும் வாய்ப்பைக் கழிக்காமல் சொன்னது. துளை போட்டுக் கண்டுபிடித்தால் அடுத்த படி, எடுத்து விற்றால் லாபம் என்று நிரூபித்தால் அதற்கும் மேல் படி. மேல் படியில் வரும் எண்ணைத்தான் பணத்தால் பெருக்க வேண்டும். கீழ்ப் படியில் இருப்பதைப் பெருக்கினால் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். 2020 டிசம்பரில் லண்டனின் ஏய்ம் என்ற சிறு நிறுவனங்களுக்கான சந்தையில் பங்கு 2.84 பென்ஸுக்குப் (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு) பட்டியலிடப்பட்டது. முதல் கிணறு தோண்டும் சமயத்தில், 2021 ஆகஸ்டில், 25 பென்ஸையும் தாண்டி ஏறியது. ஒரு கன அடி கூட விற்கவில்லை, எடுக்கவும் இல்லை. ஹீலியம் அறிகுறிகள் தெரிந்ததாகச் சொன்னார்கள், ஆனால் துளையின் நிலை சரியில்லாமல் அந்தக் கிணற்றை முறையாகச் சோதிக்க முடியவில்லை. விலை மடமடவென்று சரிந்தது. அதன் பிறகு வாடகைக்கு ரிக் கிடைக்காமல் தடுமாறி, கடைசியில் சொந்தமாகவே ஒரு ரிக்கை வாங்கி, 2023-ல் மறுபடி துளையிட்டார்கள். 2023 கடைசியில் பங்கு அரை பென்ஸுக்கும் கீழே. அந்த விலையில்தான் அடுத்த கிணற்றுக்குப் பணம் திரட்ட வேண்டிய நிலைமை. 2024 தொடக்கத்தில் இதும்புலா என்ற இடத்தில் போட்ட கிணற்றில் உண்மையாகவே வந்துவிட்டது, 4.7 சதவீதம் ஹீலியம், தரைக்கு மேலே. பிறகு நடந்த நீண்ட சோதனையில் அதற்கும் மேல். சில வாரங்களில் பங்கு பல மடங்கு ஏறியது. ஆனால் அங்கே வாயு தனியாகச் சீறிக்கொண்டு வரவில்லை, ஆழத்து நீரில் கரைந்து வருகிறது, நீர் மேலே வரும்போது பிரிகிறது. ஆகவே பம்ப் வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும், நீரை என்ன செய்வது என்று பார்க்க வேண்டும்.

இதில் கவனியுங்கள், விஞ்ஞானிகள் சொன்னது பொய்யாகவில்லை. நிறுவனம் ஏமாற்றிவிட்டு ஓடவும் இல்லை. ஹீலியம் இருக்கும் என்றார்கள், இருந்தது. இருந்தும், 2021-ல் ஆசைப்பட்டு உச்சத்தில் வாங்கியவர், 2024-ல் ஹீலியம் கிடைத்த நாளன்று தன் கணக்கைத் திறந்து பார்த்தால் போட்டதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. நான் சொல்ல வந்தது மொத்தமும் இதுதான். நிலத்துக்கடியில் இருக்கும் வாயுவும் நம் டீமேட்டில் இருக்கும் பங்கும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டவை இல்லை, நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது.

அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்றால், புதுப் பங்கு. வருமானமே இல்லாத நிறுவனம், ஒரு கிணறு போட பல லட்சம் டாலர், ஏன் கோடி டாலர் கூட ஆகும், பேங்க் கடன் தராது, எனவே பங்கு அச்சடித்து விற்கிறது. கணக்குப் பார்த்தவன் என்பதால் ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். நிறுவனத்தில் 100 பங்குகள், உங்களிடம் 10, அதாவது பத்தில் ஒரு பங்கு உங்களுடையது. முதல் கிணறு தோற்கிறது, பாதி விலைக்கு இன்னொரு 100 பங்கு விற்கிறார்கள். இப்போது நீங்கள் இருபதில் ஒன்று. இரண்டாவது கிணற்றுக்கு மறுபடி, இன்னும் கீழே, 200 பங்கு. நீங்கள் நாற்பதில் ஒன்று. மூன்றாவது கிணற்றில் வாயு வருகிறது. முதலில் நினைத்த அதே அளவு வாயு, அதே மதிப்பு, ஆனால் உங்களுக்கு வர வேண்டியதில் கால் பங்குதான் வரும். யாரும் உங்களிடமிருந்து எதையும் திருடவில்லை, எல்லாம் சட்டப்படி, பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு நடந்தது. பெரும்பாலும் அந்தப் புதுப் பங்கு முதலில் போவது பெரிய கைகளுக்கு, சந்தை விலையைவிடக் குறைவாக, சில சமயம் பின்னால் அதே விலைக்கு இன்னும் வாங்கிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்து. விலை கொஞ்சம் ஏறினால் அவர்கள் விற்பார்கள், வாங்குவது நம்மைப் போன்றவர்கள்.

எங்கள் குழுவில் ஒருவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், சூட்டிகையான மனிதர், "அப்படின்னா கிணறு ஜெயிச்ச பிறகு வாங்கினா போச்சு" என்றார். நல்ல யோசனைதான், ஆனால் கிணறு ஜெயித்த பிறகும் பாதை நீளம். தென்னாப்பிரிக்காவில் ரெனர்ஜென் என்று ஒரு நிறுவனம், வர்ஜீனியா எரிவாயுத் திட்டம். வாயு இருக்கிறதா என்ற சந்தேகமே அங்கே கிடையாது, ஹீலியமும் வளமாகவே இருக்கிறது, அமெரிக்க அரசின் வளர்ச்சி நிதி நிறுவனம் கடன் கூடக் கொடுத்தது. 2023 ஜனவரியில் முதன்முதலாகத் திரவ ஹீலியம் எடுத்துக் காட்டினார்கள். உடனே குளிர்விக்கும் பெட்டியின் வெற்றிடத்தில் கசிவு. ஹீலியம் திரவமாவது மைனஸ் 269 டிகிரியில், அந்தக் குளிரைக் காப்பாற்றும் வெற்றிடத்தில் ஊசிமுனைக் கசிவு இருந்தாலும் எல்லாம் நின்றுவிடும். அதைச் சரிசெய்வதிலேயே நாள் நாளாகப் போய், கடைசியில் 2025-ல் வேறொரு அமெரிக்க நிறுவனம் வந்து அவர்களை வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. கனடாவில் ராயல் ஹீலியம் இன்னும் ஒரு படி மேலே போனது, ஆல்பர்ட்டாவில் ஆலையே கட்டி ஓட்டியது. ஆனால் 2025 தொடக்கத்தில் கடன்காரர்களிடமிருந்து சட்டப் பாதுகாப்பு கேட்டு நின்றது. கிணறும் இருந்தது, ஆலையும் இருந்தது, பணம்தான் தீர்ந்துபோனது.

சரி, ஆலையும் ஒழுங்காக ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். யாருக்கு விற்பது? தங்கத்துக்கு, கச்சா எண்ணெய்க்கு இருப்பது போல ஹீலியத்துக்குப் பொதுச் சந்தை கிடையாது. இன்றைக்கு இன்ன விலை என்று உங்கள் பத்திரிகையில் நீங்களே போட முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு விலைப் பட்டியலே இல்லை. எல்லாம் இரண்டு கட்சிக்கு நடுவில் மூடிய ஒப்பந்தம். உலகத்தில் பெரிய அளவில் வாங்கி விநியோகிப்பவர்கள் லிண்டே, ஏர் லிக்விட், ஏர் புராடக்ட்ஸ், மெஸ்ஸர் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். திரவ ஹீலியத்தை எடுத்துச் செல்லும் கண்டெய்னர்கள், ஒவ்வொன்றும் சுமார் 40,000 லிட்டர் கொள்ளளவு, சுற்றிலும் திரவ நைட்ரஜன் கவசம், அவையும் பெரும்பாலும் இவர்கள் கையில்தான். ஏற்றிய நாளிலிருந்து ஒன்றரை மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் கொதித்து வெளியேற ஆரம்பித்துவிடும். ஆப்பிரிக்காவின் நடுவிலிருந்து துறைமுகம் வரை ரோடு எப்படி இருக்கிறது என்பது கூட முதலீட்டுக் கேள்விதான். நாங்கள் சென்னையில் வாங்கியதும் இப்படித்தான், கண்டெய்னர் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டது என்று ஒரு வரியில் தகவல் வரும், இங்கே ஆய்வகத்துக்காரர் எங்களைத் திட்டுவார். விற்பவனுக்கு வாங்குபவன் நாலே பேர் என்றால் பேரம் யார் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விலையும் நிலையானதல்ல. 2006-07, 2011-13, 2018-20, 2022 என்று தட்டுப்பாடு வந்து வந்து போயிருக்கிறது. தட்டுப்பாட்டின்போது செய்தித்தாளில் கட்டுரை வரும், சின்ன நிறுவனங்கள் முளைக்கும், பங்கு வெளியிடும். அவர்கள் கிணறு போட்டு ஆலை கட்டுவதற்குள் நாலைந்து வருஷம் ஓடிவிடும், அதற்குள் பெரிய ஆலை ஒன்று எங்கோ திறந்து விலையை இறக்கியிருக்கும். ரஷ்யாவின் அமூர் ஆலை முழுத் திறனில் வருஷத்துக்கு 6 கோடி கன மீட்டர் தரும்படி கட்டப்பட்டது, உலகத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. அது 2021 அக்டோபரில் தீப்பிடித்து, 2022 ஜனவரியில் வெடித்து நின்றபோது விலை தாறுமாறாக ஏறியது. பிறகு ஓடத் தொடங்கியதும் நெருக்கடி தளர்ந்தது. எங்கோ சைபீரியாவில் ஒரு ஆலையின் வால்வு சரியாவதும் கெடுவதும் கொலராடோவில் கிணறு போடும் சின்ன நிறுவனத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. போதாததற்குப் புது எம்ஆர்ஐ இயந்திரங்களில் சில வெறும் ஏழு லிட்டர் திரவ ஹீலியத்தில் ஓடுகின்றன, பழையவற்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் வேண்டியிருந்தது. சிப் தொழிற்சாலைகள் இன்னும் நிறையக் கேட்கும் என்பதும் உண்மைதான், எந்தப் பக்கம் சாயும் என்று நான் ஜோசியம் சொல்லத் தயாரில்லை.

இதையெல்லாம் சொன்னதும் "அப்ப இதுவும் ஈமு கோழி மாதிரிதானா சார்" என்று ஒருவர் கேட்டார். இல்லவே இல்லை. அந்தக் கோழித் திட்டத்தில் வியாபாரமே கிடையாது, இங்கே வியாபாரம் உண்மை, பொருள் உண்மை, தணிக்கை செய்த கணக்கு உண்டு, கெட்ட செய்தியையும் சந்தைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்ற விதியும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் 2011-ல் நிக்கல் தேடித் துளை போட்ட இடத்தில் எதிர்பாராமல் 10 சதவீதம் ஹீலியம் அடித்தது. அதே இடத்தில் 2024-ல் பல்சர் ஹீலியம் என்ற சின்ன நிறுவனம் மறுபடி துளை போட்டு அதை உறுதிப்படுத்தியது. அந்த மாநிலத்தில் அதுவரை வாயு எடுத்த பழக்கமே இல்லாததால் சட்டத்தையே புதிதாக எழுத வேண்டியிருந்தது என்பது வேறு. இப்படிப்பட்ட இடங்களில் யாரோ ஒருவருக்கு நிஜமாகவே யோகம் அடிக்கலாம். அதனால்தான் வாங்கவே வாங்காதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கிணறு போடுவதற்கு முன் எதிர்பார்ப்பில் வாங்கி, முடிவு வருவதற்கு முன்பே விற்றுவிடுகிற ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களில் சிலர் சம்பாதித்திருக்கிறார்கள். ஆனால் அது செய்தியை வைத்து ஆடும் ஆட்டம். லண்டனில் காலை ஏழு மணிக்கு அறிவிப்பு வந்தவுடன் கையில் மவுஸோடு உட்கார்ந்திருப்பவருக்கு உரியது, பென்ஷன் பணத்தை எடுத்துப் போட்டுவிட்டு மாம்பலத்தில் மார்க்கெட்டுக்குப் போகிறவருக்கு உரியதல்ல.

நம் ஊர்க்காரருக்கு இன்னும் சில தனிச் சிக்கல்கள், கட்டுரையில் ஒரு வார்த்தை கூட இல்லை. நம்மூர் ஆப்களில் வெளிநாட்டுப் பங்கு என்றால் பெரும்பாலும் அமெரிக்காவின் பெரிய சந்தைகளில் பட்டியலிட்டவைதான், லண்டன் ஏய்மிலும் கனடாவின் சின்ன சந்தையிலும் வாங்க வேண்டுமானால் சர்வதேச புரோக்கரிடம் கணக்குத் திறக்க வேண்டும். தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்ஆர்எஸ் திட்டப்படி வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம், ஆனால் முதலீட்டுக்கு அனுப்புவது 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 20 சதவீதத்தை டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். பிற்பாடு வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் மாட்டிக்கொள்ளும். வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் ஒரு பங்கு வைத்திருந்தாலும் காட்ட வேண்டும், அதுவும் நிதியாண்டுக் கணக்கில் இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்கில். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் என்று இருந்தது. 2024 அக்டோபரிலிருந்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருக்கும் பங்கு, வங்கி இருப்பு போன்றவற்றுக்கு அந்த அபராதத்திலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள், ஆனால் காட்ட வேண்டும் என்ற கடமை போகவில்லை. 24 மாதத்துக்குள் விற்றால் ஒரு வரி, அதைத் தாண்டி விற்றால் 12.5 சதவீதம். ஆடிட்டர் ஃபீஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்குகிறவருக்கு இதெல்லாம் சின்னச் செலவு இல்லை.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தையும் யாரும் சொல்வதில்லை. திரையில் பங்கு 0.95 பென்ஸ் என்று காட்டும். வாங்கப் போனால் 1.00, அடுத்த நிமிஷமே விற்கப் போனால் 0.90. விலை அசையவே இல்லை, பத்து சதவீதம் போய்விட்டது. நாலு பேர் ஒரே நேரத்தில் விற்க வந்தால் அந்த 0.90-ம் நிற்காது. நம் பெரிய நிறுவனப் பங்குகளைப் பைசா வித்தியாசத்தில் வாங்கி விற்றுப் பழகியவர்களுக்கு இது பிடிபடவே கொஞ்ச நாள் ஆகும்.

ரயில்வேக்காரரிடம் கடைசியில் நான் சொன்னது இதுதான். அந்த நிறுவனத்தின் கடைசி அரையாண்டுக் கணக்கை எடுங்கள், கையில் எவ்வளவு ரொக்கம், மாதம் எவ்வளவு செலவாகிறது, வகுத்துப் பாருங்கள். எட்டு மாதம் என்று வந்தால் ஆறாவது மாதத்தில் புதுப் பங்கு வரும், அப்போது இதைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்க வாய்ப்பு அதிகம், இன்றைக்கு என்ன அவசரம்? அடுத்த கிணறு எப்போது, அதற்கான பணம் ஏற்கெனவே இருக்கிறதா, வாயுவை வாங்கிக்கொள்ள யாராவது கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா, போட்டிருந்தால் கட்டாயமா அல்லது வெறும் உத்தேசமா. அவர் ஒரு பழைய டைரியில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனார். மறுநாள் வந்து, ரொக்கம் கண்டுபிடித்துவிட்டேன், கையெழுத்து மட்டும் எங்கேயும் கண்ணில் படவில்லை என்றார். இன்னும் தேடுகிறார்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இனிமேல் இப்படிச் சின்ன நிறுவனங்களைப் பற்றி எழுதும்போது, சதவீதமும் கோடி கன அடியும் போடும் அதே பெட்டிச் செய்தியில், மூன்று வருஷத்துக்கு முன் அந்த நிறுவனத்தில் எத்தனை பங்குகள் இருந்தன, இன்றைக்கு எத்தனை என்று இரண்டே எண்களைச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அவை ஆண்டறிக்கையிலேயே இருக்கின்றன, தேடி எடுக்க உங்கள் நிருபருக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். போன வாரக் கட்டுரையில் சொன்ன நிறுவனங்களுக்கும் அந்த எண்களை வரும் ஞாயிறு வெளியிட்டால், எங்கள் காலை நடைக் கோஷ்டியில் பாதிப் பேர் தங்கள் முடிவைத் தாங்களே எடுத்துக்கொள்வார்கள், என்னையும் நிம்மதியாக நடக்க விடுவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
அம்பத்தூர், சென்னை-53